லைன் வீட்டுக்குள் கடல்

போன வாரம் நம்முடைய பள்ளிக்கூட குரூப்பில் உங்களில் ஒருவர் மகனுடைய மீன்தொட்டியைப் படம் எடுத்துப் போட்டிருந்தீர்கள். பெங்களூர் ஃபிளாட்டில் கடல் தண்ணீர்த் தொட்டி. பாறை மேல் பச்சையாக முடி முடியாக ஏதோ வளர்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். நான் மட்டும் விளக்கை ஆறு மணி நேரமாகக் குறை, தீனியைப் பாதியாக்கு, பிடுங்கிய பாசியைத் தொட்டிக்குள்ளேயே உதறாதே என்று கடகடவென்று எழுதிவிட்டேன். தங்கவயல்காரிக்குக் கடல் பாசி வைத்தியம் எப்படித் தெரியும் என்று கேலி செய்தீர்கள். சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். பதில் இதுதான். கொஞ்சம் நீளம். நாமும் நாற்பதைத் தொட்டுவிட்டோம், மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

தங்கச் சுரங்கத்தை மூடி இரண்டாவது கோடை அது. நம் அப்பாக்கள் எல்லாம் பகலிலும் வீட்டில் இருக்கப் பழகிக்கொண்டிருந்த சமயம். என் அப்பா பம்ப்காரர். பூமிக்கடியில் ஊறுகிற தண்ணீரை லெவல் லெவலாக மேலே ஏற்றி வெளியே தள்ளுவதுதான் அவர் வேலை. மூடிய பிறகு ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் விடிகாலை ரயிலில் பெங்களூர் போய்க் கட்டட வேலை செய்தார். ஆனால் நெஞ்சில் சுரங்கத் தூசி இருந்தது. சிமெண்ட் மூட்டையோடு ஒரு மாடி ஏறினால் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். மேஸ்திரிகளுக்குக் கண் இல்லையா என்ன? காலையில் ஆள் பொறுக்கும்போது அவரைத் தாண்டிப் போய்விடுவார்கள். மத்தியான ரயிலிலேயே திரும்பி வந்து சாப்பாட்டு டப்பாவை அப்படியே அம்மாவிடம் நீட்டுவார். அம்மா அதைத் தட்டில் கொட்டி அவருக்கே வைப்பாள்.

அப்படி அலைந்த நாட்களில் ஒரு வீட்டுக்குக் குழாய் ரிப்பேருக்குப் போனார். அந்த வீட்டு அம்மாவுக்கு எங்கள் வீட்டில் கடைசிவரை தொட்டிக்காரம்மா என்றே பெயர். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் நான்கடி நீளத்துக்குக் கடல் தொட்டி வைத்திருந்தார். அன்று அதன் பம்ப் நின்றுபோய், கையைப் பிசைந்துகொண்டு நின்றாராம். அப்பா பிரித்துத் துடைத்து ஐந்து நிமிஷத்தில் ஓடவிட்டார். அந்த அம்மாவுக்கு ஒரு தம்பி. கடல் மீன் கடை திறப்பதற்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். முப்பது தொட்டிகள், பின்னால் தங்குவதற்கு இரண்டு அறை, பம்பையும் தண்ணீரையும் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் வேண்டும். தொட்டிக்காரம்மா நான்கு மாதம் வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போக இருந்தார். போகிற சமயத்தில் வீட்டையும் இடித்துக் கட்ட ஏற்பாடு. அதுவரை இந்தத் தொட்டியை உங்கள் வீட்டில் வைத்துக் காப்பாற்றிக் கொடுங்கள், வந்ததும் கடை வேலை உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா இதை மூன்று தடவை சொன்னார். மூட்டை தூக்க வேண்டாம், படி ஏற வேண்டாம், பம்ப் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். நான் பெங்களூர் பள்ளிக்கூடத்தில் சேரலாம். அம்மா சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்று சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தொட்டி டெம்போவில் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், லைன் மொத்தமும் வாசலில் கூடிவிட்டது. சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிப்போட்ட நம் லைன் வீட்டு முன்னறை எவ்வளவு பெரிது? கட்டிலை வெளியே தூக்கிப் போட்டுவிட்டுத் தொட்டியை உள்ளே வைத்தோம். ஈரச் செய்தித்தாளில் சுற்றிய பாறைகள், வெள்ளை மணல், நத்தைகள், கடைசியாக ஒரு பெரிய பையில் தண்ணீரோடு கடல் சாமந்தி. பார்த்தால் பூ, உண்மையில் உயிர்ப்பிராணி. தடித்த விரல்களைப் போல இதழ்கள், எந்நேரமும் அசைந்துகொண்டிருக்கும். அதற்குள் குடியிருந்தன இரண்டு ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள். நீல விளக்கைப் போட்டதும் வாசலில் நின்ற அத்தனை பேரும் தலையை உள்ளே நீட்டினார்கள். அம்மா கண்ணாடியின் மூலையில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள்.

தொட்டியோடு ஒரு நோட்டும் வந்தது. ரெக்ஸின் அட்டை போட்ட நீள நோட்டு. முழுக்க தொட்டிக்காரம்மாவின் கையெழுத்து, முழுக்க இங்கிலீஷ். அப்பாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். ஆகவே நான்தான் படித்துச் சொல்கிறவள். ஒன்பதாம் வகுப்புக்குப் போகவிருந்தவளுக்கு அது முதலில் பெரிய கௌரவமாக இருந்தது. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் வாசிக்க, அப்பா எதிரே உட்கார்ந்து ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஆர்டர் வாங்குவதைப் போல ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்வார். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது, அதனால் கண்ணாடியில் போட்ட கோட்டுக்குக் கீழே இறங்கினால் உப்பில்லாத சுத்தத் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். அதற்கென்று தொட்டிக்காரம்மா பத்து கேன் வடிகட்டிய தண்ணீர் தந்திருந்தார். வேறு தண்ணீர் கூடாது.

எங்கள் கெட்ட காலம் அந்தக் கேனிலிருந்துதான் ஆரம்பித்தது. நமக்கு எட்டு நாளுக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வந்த காலம். மற்ற நாளெல்லாம் போர்வெல் தண்ணீர்தான், அதில் பருப்பு லேசில் வேகாது. ஒருநாள் அம்மா கேனிலிருந்து ஒரு சொம்பு எடுத்துப் பருப்பு வைத்துப் பார்த்தாள். இரண்டு கொதியில் மசிந்துவிட்டது. அப்புறம் அவளால் கையைக் கட்டிப்போட முடியவில்லை. மீனுக்குக் கொடுத்தது போக மிச்சம்தானே என்று அவள் நினைப்பு. ஒன்றரை மாதத்தில் பத்து கேனும் காலி. அப்பா அம்மாவைத் திட்டவில்லை. கடைத் தம்பியின் போன் நம்பர் சுவரில் எழுதியிருந்தது, ஒரு போன் போட்டிருந்தால் கேன் வந்திருக்கும். தண்ணீரைக்கூடப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்று அப்பா போன் செய்யவில்லை. போர்வெல் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஊற்றினார்.

பத்து நாளில் மணல் மேல் பழுப்பாகத் தூள் படிந்தது. நோட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பாசிக்கும் ஒரு பக்கம், கலர் பென்சிலில் படம், எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி எடுப்பது. விரலால் தடவினால் புகையாகக் கலைந்து போகிறதா, அப்படியானால் பழுப்புத் தூள் பாசி, பயம் வேண்டாம், தண்ணீரைச் சரியாக்கு, பொறு. தடவிப் பார்த்தோம், கலைந்தது, பொறுத்தோம். பிறகு பச்சைக் கண்ணாடி மணிகளைப் போல ஒன்றிரண்டு முளைத்தன. உடைத்தால் உள்ளேயிருந்து ஆயிரம் பரவும் என்று நோட்டு சொன்னது. அப்பா கரண்டிக் காம்பால் நெம்பி ஒன்றுகூட உடையாமல் எடுத்துவிட்டார். நான் படித்துச் சொன்னதில் எதையும் அவர் மீறியதில்லை. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக வந்ததுதான் பச்சை முடி. முதலில் பாறையின் நுனியில் தாடி மாதிரி, பிறகு பாறையே தெரியவில்லை. அப்பா ரயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். காலை எட்டு மணிக்கு இரண்டு கையையும் தோள்வரை உப்புத் தண்ணீரில் விட்டால் மத்தியானம்வரை எடுக்க மாட்டார். பழைய பல்துலக்கும் பிரஷில் பாசியைச் சுற்றி முறுக்கிப் பிடுங்குவார், நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வெளியே எடுத்த பாசிக்கு ஒரு நாற்றம் உண்டு. உப்பும் அழுகலும் கலந்த அது எங்கள் துணியில், சோற்றில், என் பின்னலில்கூட ஏறிவிட்டது. அவர் உள்ளங்கைத் தோல் வெந்த கிழங்காட்டம் சுருங்கி வெடித்தது. இன்று பிடுங்கினால் நாலு நாளில் அதே இடத்தில் நிற்கும். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வந்து பொரியைப் போட்டுவிட்டுப் போகும். கரண்ட் போனால் பம்ப் நிற்கும். சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி ஊற்றி மூச்சுக் காற்று கொடுப்போம். வெயில் ஏறினால் ஆண்டர்சன்பேட்டைக்கு ஓடி ஐஸ் வாங்கி பாட்டிலில் போட்டு மிதக்கவிடுவோம். நோட்டில் சொன்னபடி மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடி இருட்டாக்கினோம். கொஞ்சம் குறைந்தது, மறுபடி வந்தது. கடல் சாமந்தி நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போனது. அப்பா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கை தவறி எதையோ போட்டு உடைத்துவிட்ட பிள்ளையைப் போல விழிப்பார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பயம் கொஞ்ச நாளில் எரிச்சலாகிவிட்டது. விடுமுறை முழுக்க வாளியும் நோட்டுமாகப் போகிறதே என்ற எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் தெருமுனை போன் பூத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். கடைத் தம்பி பேசினார். அக்கா முன்னதாகவே திரும்புகிறார், இன்னும் பத்து நாள், நேரே உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார். தொட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாராம். நன்றாக இருக்கிறது என்று அப்பா சொல்லிவிட்டு வந்தார். வந்து பார்த்தால் மணல் மேல் புதிதாகச் சிவப்பாக ஒன்று. நோட்டில் படம் இருந்தது. தொட்டால் சவ்வாக உரியும், மேலே குமிழ் குமிழாகக் காற்று நிற்கும், நாறும். சிவப்புச் சளி. குழாய் வைத்து உறிஞ்சி எடு, தண்ணீரை மாற்று என்று போட்டிருந்தது. மாற்றுவதற்கு எங்களிடம் எந்தத் தண்ணீர் இருந்தது? இப்போது நினைத்தால் அந்த அம்மா மேலும் கோபம் வருகிறது. எட்டு நாளுக்கு ஒருதரம் தண்ணீர் வருகிற லைனில் கொண்டுவந்து ஒரு கடலை வைத்துவிட்டுப் போனாரே, வீட்டை ஒருதரம் வந்து பார்த்தாரா?

எதிர் வீட்டு மாமா அப்பாவோடு வேலை பார்த்தவர், கம்ப்ரஸர்காரர். மறுநாள் மத்தியானம் வந்தவர் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நம் கூலிங் டாங்கில் பாசி பிடித்தால் என்ன செய்வோம், மறந்துபோச்சா என்று கேட்டார். மயில்துத்தம். நீலக் கட்டியைச் சாக்குத் துணியில் முடிந்து கயிற்றில் கட்டி டாங்கைச் சுற்றி இழுத்துக்கொண்டு நடப்பார்களாம், மூன்றாம் நாள் தண்ணீர் பளிச்சென்று ஆகிவிடுமாம். சுரங்கத்து ஆட்களுக்கு அது கைகண்ட வைத்தியம். மாமா வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். பழைய டாங்க் கட்டியின் மிச்சம்.

அப்பா உடனே போடவில்லை. வால்வைத் திறக்கும் முன்னால் மூன்று பேரைக் கேட்கிற பம்ப்காரர் அவர். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். கையில் அட்டைப்பெட்டிக் கிழிசல். தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டில் ஏறிச் சறுக்க எல்லாரும் கிளம்பியாயிற்று, சீக்கிரம் வாடி என்று இரண்டு தடவை கூப்பிட்டாகிவிட்டது.

"கண்ணு, மயில்துத்தத்தப் பத்தி அந்த நோட்டுல இன்னா எழுதிக்கீது, ஒரு வாட்டி பாத்து சொல்லு."

"ஒண்ணும் எழுதலப்பா."

"பாத்தியா?"

"எல்லாம் பாத்துட்டேன். போட்லாம்."

நான் பார்க்கவில்லை. நோட்டு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது, நாற்காலி போட்டு ஏறி எடுக்க வேண்டும். பாசிப் பக்கங்களுக்குப் பின்னால் இன்னும் சில பக்கங்கள் இருந்தது தெரியும். அதில் என்ன இருக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அதைக்கூட நினைக்கவில்லை. சறுக்குகிற அட்டையைத்தான் நினைத்தேன். அன்று ஏழு தடவை சறுக்கினேன், உங்களில் யாரும் அத்தனை தடவை சறுக்கவில்லை.

திரும்பி வரும்போது அப்பா சின்னத் துணிமூட்டையை நூலில் கட்டித் தொட்டிக்குள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். மறுநாள் சிவப்புச் சளி வெளுத்துப் போயிருந்தது. பச்சை முடி துவண்டு உதிர்ந்தது. கண்ணாடி தெளிந்துவிட்டது. அப்பா எதிர் வீட்டு மாமாவைக் கூட்டிவந்து காட்டினார். கடைக்குப் போய் எனக்கு மிக்ஸர் வாங்கி வந்தார். அம்மாவிடம், இன்னும் எட்டே நாள், சாமானெல்லாம் கட்ட ஆரம்பி என்றார். அன்று ராத்திரி அவர் இருமாமல் தூங்கியதாகக்கூட எனக்கு ஒரு நினைப்பு, அது உண்மையோ என்னவோ.

அடுத்த நாள் காலையில் நத்தைகள் எல்லாம் மல்லாந்து கிடந்தன. கடல் சாமந்தி பாறையை விட்டுக் கழன்று ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. இதழ்கள் சுருங்கி, நடுவில் வாய் பிளந்திருந்தது. மத்தியானத்துக்குள் அது கரைய ஆரம்பித்தது. கஞ்சியாக, வெள்ளை வெள்ளையாக. தண்ணீர் பால் கலந்ததுபோல் ஆகி, வீட்டுக்குள் நிற்க முடியாத நாற்றம். அப்பா இரண்டு கையாலும் அதை அள்ளப் பார்த்தார், விரல் இடுக்கில் வழிந்தது. தொட்டியோடு வந்த கடல் உப்பில் மிச்சமிருந்ததையெல்லாம் கொட்டி வாளியில் கரைத்து மீன்களை மாற்றினார். ஒன்று அன்று சாயங்காலம் செத்தது. இன்னொன்று வாளியின் ஓரத்தில் ஒதுங்கி நின்றது. அம்மா கட்டிவைத்த சாமான் மூட்டையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அப்பாவால் அழவும் முடியவில்லை, இருமல் விடவில்லை.

நாறிய தண்ணீரைக் கொட்ட அவர் இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தபோது நான் நாற்காலி போட்டு ஏறி நோட்டை எடுத்தேன். பாசிப் பக்கங்களைத் தாண்டி நாலாவது பக்கம். சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டுத் தலைப்பு. செம்பு கலந்த எதுவும் இந்தத் தொட்டிக்குள் போகக் கூடாது, பாசி மருந்தானாலும் சரி, மீன் மருந்தானாலும் சரி. மீன் தாங்கும், சாமந்தியும் நத்தையும் தாங்காது. கீழே ஒரு நத்தைப் படம், ஒரு நீலக் கட்டியின் படம், இரண்டுக்கும் நடுவே பெருக்கல் குறி. மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட் என்று பள்ளிக்கூட லேபில் கையில் வைத்துப் பார்த்தவள் நான். அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் ஒரு நொடியில் புரிந்திருக்கும். நோட்டை விரித்தபடி நாற்காலியிலேயே நின்றேன். அப்பா உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். வாளியை வைத்துவிட்டுத் திரும்ப வெளியே போய்விட்டார். செத்துப்போய்விட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, பதினாலு வயதில் சத்தியமாகத் தோன்றியது.

தொட்டிக்காரம்மா சொன்ன நாளில் வந்தார். கத்துவார் என்று நினைத்தோம், கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வெறும் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாமந்தியை ஒன்பது வருஷம் வளர்த்தாராம். அப்பா கைகட்டி நின்று, மயில்துத்தம் போட்டதைத் தானே சொன்னார்.

"நோட்டுல அவ்ளோ பெருசா எழுதியிருந்தேனே. உங்க பொண்ணு படிச்சு சொல்லலையா?"

நான் கதவோரம் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"படிச்சு சொல்லிச்சும்மா. ரெண்டு வாட்டி சொல்லிச்சி, போடாதப்பான்னு. நாந்தான் பழைய பம்ப் ஹவுஸ் புத்தியில கேக்காம போட்டுட்டேன். அது மேல ஒண்ணும் இல்ல."

தொட்டிக்காரம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே கடை வேலை போய்விட்டது. சொன்னாலும் கேட்காத ஆளை நம்பி முப்பது தொட்டியை யார் கொடுப்பார்கள்? எழுந்து வெளியே போகும்போது என் பக்கத்தில் நின்றார். என் கன்னத்தைத் தட்டி, நீயாவது ஒழுங்காப் படிச்சியே, நல்லா வருவே என்றார். பையிலிருந்து தன்னுடைய பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

மிச்சமிருந்த ஒரு மீனோடு தொட்டி டெம்போ ஏறிப் போன பிறகு முன்னறை ரொம்பப் பெரிதாக இருந்தது. அப்பா தரையில் படிந்த உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அன்னைக்கு நான் நோட்டைத் திறக்கவே இல்லப்பா என்றேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் கண்ணு. யாருகிட்டயும் சொல்லாத. அந்தம்மாகிட்ட நீ படிச்சேன்னு சொல்லிட்டேன். நாளைக்கு நீ மாத்திச் சொன்னா நான் பொய்காரனாய்டுவேன்."

அடுத்த திங்கட்கிழமை விடிகாலை ரயிலில் மறுபடியும் சிமெண்ட் மூட்டை தூக்கப் போனார். மூன்று வருஷம் போனார், நான்காவது வருஷம் போவதற்கு அவர் இல்லை. அவர் சொன்னதை அம்மாவிடம்கூட மீறாமல் இத்தனை காலம் வைத்திருந்தேன். அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான், அதையும் இன்று உங்களிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன்.